பக்கத்துச் சீட்டின் எடை

எடைத்தட்டுக்குக் கற்பனை கிடையாது. அந்த ஒரே காரணத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். கண் ஏமாறும். காது ஏமாறும். அன்று மாலை நான் பார்த்ததும் கேட்டதும் மட்டும்தான் சாட்சி என்றால் நானே என்னை நம்பமாட்டேன். ஆனால் தட்டில் விழுந்த எண்ணை இரண்டு பேர் பார்த்தோம். நானும் என் மனைவியும்.

மண் ரோட்டுப் பந்தயங்களுக்கு ஜீப் தயார் செய்வது என் தொழில். நானும் ஓட்டுவேன். மனைவி பக்கத்துச் சீட்டில் இருந்து வழி வாசிப்பாள். அடுத்த வளைவு எந்தப் பக்கம், எவ்வளவு கூர்மை, எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று இண்டர்காமில் காதுக்குள் சொல்லிக்கொண்டே வருவாள். நேவிகேட்டர் என்பார்கள். வீட்டிலும் அதே வேலைதான்.

அந்த ஜீப்பை மீசையிடம் வாங்கினேன். பழைய ஓட்டுநர். மீசையை எடுத்துப் பல வருடம் ஆகியும் பெயர் போகவில்லை. சாவியைக் கையில் கொடுத்தவர் அதை உடனே விடவில்லை.

"தனியா ஓட்டிப் பாக்குறப்ப பக்கத்து சீட்டுல மணல் மூட்டை கட்டிக்க. காலியா விடாதே."

"தெரியும்ணே."

"தெரியும்னு சொல்லாத. கட்டிக்க."

எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. மண் ரோட்டில் வேகமாகப் போகும் வண்டி பாதி நேரம் தரையில் இருக்காது. மேட்டில் எழும்பி, விழும். நான்கு சக்கரமும் சேர்ந்தாற்போல் விழவேண்டும். ஒரு பக்கம் முந்தினால் வண்டி குப்புறப் போகும். அதனால் உள்ளே உட்காரப்போகிறவர்களின் எடைக்கு ஏற்ப ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் முறுக்குவோம். நேவிகேட்டர் இல்லாமல் ஓட்டிப் பார்ப்பதென்றால் அதே எடைக்கு மணல் மூட்டை கட்டி, சீட்டில் வைத்து, பெல்ட் போட்டுவிடுவோம்.

பந்தயம் ஞாயிற்றுக்கிழமை. வியாழக்கிழமைக்குள் பெரும்பாலான வேலை முடிந்துவிட்டது. அடியில் தகடு மாட்டினேன். கூரைக்குள் இரும்புக் கூண்டை வைத்து வெல்டு செய்தேன். நான்கு மூலைக்கும் புது ஷாக் அப்சார்பர். கடைசியில் சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு எடைத்தட்டுகள் மேல் வண்டியை ஏற்றினேன். தட்டுகளிலிருந்து வரும் ஒயர் ஒரு சின்னப் பெட்டிக்குப் போகும். நான்கு எண்களும் மொத்தமும் அதில் தெரியும்.

காலி வண்டி 1,286 கிலோ.

"மூட்டை எவ்ளோ?" என்றேன்.

"அம்பத்தெட்டு," என்றாள் மனைவி.

"போன வருஷமும் அதான சொன்ன?"

"வருஷா வருஷம் அதான் சொல்வேன். ஒரு கிலோ கூட ஏத்துனீங்க, ராத்திரி இந்த ஜீப்புக்குள்ளயே படுத்துக்கோங்க."

ஐம்பத்தெட்டு கிலோ மணலை மூட்டை கட்டினேன்.

வெள்ளிக்கிழமை மாலை அவளுக்குப் பல் கிளினிக்கில் வேலை. ஏழு மணிக்குத்தான் விடுவார்கள். நான் மட்டும் வண்டியைப் பழைய கல்குவாரிக்குப் பின்னால் இருக்கும் மண் ரோட்டுக்குக் கொண்டுபோனேன். போக பதினோரு கிலோமீட்டர், வர பதினொன்று. ஆள் நடமாட்டம் கிடையாது. அங்கே போய்ச் சேர்ந்து பார்த்தால் மூட்டை ஓரமாகக் கிழிந்து மணல் ஒழுகிக்கொண்டிருந்தது. சீட்டில் பாதி, கீழே பாதி.

வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. மூட்டையைத் தூக்கி ரோட்டோரம் போட்டேன். சீட்டிலும் கீழேயும் கொட்டிய மணலைக் கையால் வாரி வெளியே தள்ளினேன். ஒரு தடவை காலியாகப் போனால் குடி முழுகிவிடாது என்று நினைத்தேன்.

மணி 5.50. கிளம்பினேன்.

முதல் மேட்டுக்கு முன்னால் கொஞ்சம் பயந்தேன். இடப்பக்கம் எடை இல்லை, அந்தப் பக்கம் தூக்கியடிக்கும். ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தேன். வண்டி எழும்பியது. விழுந்தது.

நான்கு சக்கரமும் ஒன்றாக.

சந்தோஷமாக இருந்தது. அப்படி இருந்திருக்கக் கூடாது. ஐம்பத்தெட்டு கிலோவை இறக்கிய வண்டி அப்படி விழாது.

இரண்டாவது மேடு. மூன்றாவது. ஒவ்வொரு தடவையும் தட்டில் இட்லி வைத்ததுபோல் மெத்தென்று உட்கார்ந்தது.

நாலாவது கிலோமீட்டரில்தான் ஒரு சத்தம் இல்லாதது உறைத்தது. பக்கத்துச் சீட்டின் பெல்ட்டைப் பூட்டாமல் விட்டிருந்தேன். ஐந்து பட்டை, ஐந்திலும் இரும்பு நாக்கு. குதிக்கிற வண்டியில் அது சீட்டில் அடித்து டக் டக்கென்று காதைத் துளைக்கவேண்டும்.

திரும்பிப் பார்த்தேன்.

பெல்ட் பூட்டியிருந்தது. காலிச் சீட்டின் மேல். இறுக்கமாக.

பிரேக் போட்டேன். தூசி முன்னால் போய், திரும்பி வந்து, வண்டியை மூடியது. நானே பூட்டியிருப்பேன், மறந்திருப்பேன் என்று சொல்லிக்கொண்டேன். வாய்விட்டே சொன்னேன். ஆனால் பட்டைகள் சீட்டோடு ஒட்டிப் படுத்திருக்கவில்லை. ஒரு சாண் உயரத்தில்... எதையோ சுற்றி நின்றன.

ஒற்றை ரோடு. அங்கே வண்டியைத் திருப்ப இடமில்லை. கடைசிவரை போய்த்தான் திரும்பவேண்டும்.

போனேன்.

ஹெல்மெட்டுக்குள் மூச்சுச் சத்தம் கேட்டது. என் மூச்சுதான் என்று நினைத்தேன். மூச்சை அடக்கிப் பார்த்தேன்.

நிற்கவில்லை.

மனைவியின் ஹெல்மெட் பின்னால் கொக்கியில் தொங்கியது. அதன் மைக்கில் காற்று அடிக்கும். அப்படித்தான் இருக்கும். ஆனால் காற்று ஒரு மேடு வருவதற்கு முன்னால் மூச்சைப் பிடிக்காது.

இது பிடித்தது.

மேடு எனக்குத் தெரிவதற்கு முன்பே மூச்சு நின்றது... வண்டி எழும்பியது... விழுந்தது... மெதுவாக மூச்சு வெளியே வந்தது.

ஒவ்வொரு மேட்டுக்கும்.

ரோட்டின் முடிவில் திருப்பினேன். திரும்பி வரும்போது பக்கத்தில் பார்க்கவே இல்லை. வேகத்தையும் குறைக்கவில்லை. குறைத்தால் பேச ஆரம்பிக்குமோ என்று இருந்தது.

7.05-க்கு ஷெட்டுக்குள் வண்டியை விட்டு, அப்படியே எடைத்தட்டுகள் மேல் ஏற்றி நிறுத்தினேன். பழக்க தோஷம். டியூப்லைட்டைப் போட்டேன்.

மண் ரோட்டில் போய்வந்த வண்டிக்குள் எங்கும் முகப்பவுடர் மாதிரி தூசி படிந்திருக்கும். டேஷ்போர்டில், என் மடியில், கூண்டுக் கம்பியில், எல்லாவற்றிலும் இருந்தது. பக்கத்துச் சீட்டில் மட்டும் ஒரு முதுகு அளவுக்கு இல்லை. இரண்டு தொடை அளவுக்கு இல்லை. கீழே கால் வைக்கும் தகட்டில் இரண்டு பாதம் அளவுக்குச் சுத்தமாக இருந்தது.

பெல்ட் இன்னும் பூட்டியே இருந்தது.

வேலை முடிந்து வந்த மனைவி வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். சீட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"யாருங்க அது?"

"யாரும் இல்ல."

"என்னைவிட ஒல்லி போல." சிரிக்கத்தான் பார்த்தாள். "என் சீட்டுல எவளை ஏத்துனீங்க?"

நடந்ததைச் சொன்னேன். அவள் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். நான் எடைப்பெட்டியை ஆன் செய்தேன். பெட்ரோல் எரிந்ததில் ஆறு கிலோ குறைந்திருக்கவேண்டும். 1,280 காட்டவேண்டும்.

1,331.

ஐம்பத்தொன்று கூடுதல். கூடியது எல்லாம் இடப்பக்கத் தட்டுகளில்.

"மெஷின் ரிப்பேரா இருக்கும்," என்றாள்.

"நேத்து சரியா இருந்துச்சு."

"நேத்து இருந்ததெல்லாம் இன்னிக்கு இருக்கணும்னு இருக்கா? நகருங்க. என் எடை எனக்குத் தெரியும். நான் ஏறுறேன், எவ்ளோ தப்பா காட்டுதுன்னு பாருங்க."

"வேண்டாம்."

"ஞாயித்துக்கிழமை நான்தான உக்காரணும்? அன்னிக்கும் வேண்டாம்பீங்களா?"

பூட்டைத் திருகினாள். டக்கென்று திறந்தது. உட்கார்ந்தாள். பட்டைகளை எடுத்துத் தோளில் போட்டுப் பூட்டிக்கொண்டாள்.

1,389.

அவளுடைய ஐம்பத்தெட்டு அப்படியே ஏறியிருந்தது. ஒரு கிலோ கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அந்த ஐம்பத்தொன்றும் அப்படியே இருந்தது.

மெஷின் சரியாகத்தான் இருந்தது.

"இறங்கு," என்றேன்.

"என்ன காட்டுது?"

"இறங்கு முதல்ல."

அவள் பூட்டைத் திருகினாள். திரும்பவில்லை. மறுபடி திருகினாள்.

"என்னங்க..."

"என்ன?"

"மடி கனக்குது."

பட்டைகள் இறுகுவதைப் பார்த்தேன். சர்... சர்... என்று ஒவ்வொன்றாக. அவை தானாக இறுகும் வகை இல்லை. கையால் இழுத்தால்தான் இறுகும்.

அவள் கை இரண்டும் பூட்டின் மேல் இருந்தன.

"மூச்சு... முட்டுதுங்க..."

கூண்டுக் கம்பியில் பெல்ட் வெட்டும் கத்தி மாட்டியிருப்போம். விபத்தில் சிக்கினால் வெட்டிக்கொண்டு வெளியேற. எடுத்தேன். தோள் பட்டை ஒன்று. இன்னொன்று. இடுப்பில் கத்தியை நுழைக்க இடமில்லை. அவள் சட்டையோடு சேர்த்து அறுத்தேன்.

இழுத்தேன்.

இரண்டு பேரும் தரையில் விழுந்தோம்.

ஸ்பிரிங் ஒரு தடவை கிறீச்சிட்டது.

பெட்டியைப் பார்த்தேன்.

1,280.

அவள் இடுப்பில் கத்தி பட்டு ரத்தம் கசிந்தது. துணியை வைத்து அழுத்திக்கொண்டாள். அவளை வெளியே கூட்டிவந்து, ஷெட்டின் ஷட்டரை இறக்கிவிட்டு, அவளும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் மீசைக்குப் போன் போட்டேன்.

எடுத்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்.

"மூட்டை வச்சியா?"

"இல்லண்ணே."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"அண்ணே, நீங்க அந்த வண்டியை எவ்ளோ எடைக்கு செட் பண்ணியிருந்தீங்க?"

"அம்பத்தொண்ணு," என்றார். நான் எண்ணைச் சொல்லவே இல்லை. "என் தங்கச்சி எடை. எனக்கு அவதான் வழி வாசிப்பா. அந்த வண்டியை அவளுக்காகத்தான் கட்டினேன். முதல் பந்தயத்துக்கு நாலு நாள் முன்னால காய்ச்சல்ல படுத்தா. நான் மூட்டையை வச்சுட்டுப் போனேன். முடிஞ்சு வந்து போனைப் பார்த்தா... போயிட்டா."

"இந்த வண்டியிலயா?"

"ஆஸ்பத்திரியிலப்பா. இந்த வண்டியில அவ ஒரு நாள்கூட உக்காந்ததில்ல."

"ஏண்ணே சொல்லல?"

"சொன்னா வாங்கியிருப்பியா? மூட்டை இருந்தா வரமாட்டா. ஆள் உக்காந்திருந்தாலும் வரமாட்டா. சீட்டு காலியா இருந்தாத்தான்." பிறகு கேட்டார்: "இப்ப சீட்டுலதான இருக்கா?"

"இல்லண்ணே. எடை இறங்கிடுச்சு. தட்டுல காட்டுச்சு."

"இறங்கிட்டாளா?"

"ஆமா."

"வண்டி என்கிட்ட இருந்தவரைக்கும் அவ அதை விட்டு இறங்கினதே இல்லையே," என்றார் மீசை. "எங்க இறங்கினா?"

மனைவியின் பக்கம் திரும்பினேன்.

மறுநாள் காலை, நல்ல வெயிலில், ஒரு தட்டை மட்டும் வாசலுக்குக் கொண்டுவந்து வைத்தேன். மனைவியை ஏறச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு ஏறினாள். ஐம்பத்தெட்டு. சத்தமாகச் சொன்னேன். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"இப்ப நீங்க," என்றாள்.

ஏறினேன். பெட்டி அவள் கையில் இருந்தது. பார்த்தாள். உடனே ஆஃப் செய்துவிட்டாள்.

"எவ்ளோ?"

"எழுபத்திரெண்டு. எப்பவும்போல." நான் கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டாள்.

பந்தயத்துக்குப் போகவில்லை. ஜீப் ஷெட்டின் மூலையில், தார்ப்பாய்க்கு அடியில் நிற்கிறது. நான் இப்போது மற்றவர்களின் வண்டிகளைத் தயார் செய்வதோடு சரி. பிறகு எதுவும் நடக்கவில்லை. எதுவும் கேட்கவில்லை.

ஒன்று மட்டும்.

சாப்பாட்டு மேஜையில் என் பக்கத்து நாற்காலியில் மனைவி எப்போதும் எதையாவது வைத்துவிடுகிறாள். அரிசி மூட்டை, துவைத்த துணி. சினிமாவுக்குப் போனால் நான் நடுவில் உட்காரக்கூடாது. சுவரோரச் சீட்டு எனக்கு, அடுத்தது அவளுக்கு. நான் தனியாகக் காரை எடுத்தால், வேலையிலிருந்து வந்த களைப்போடு, பக்கத்துச் சீட்டில் மணல் மூட்டையை அவளே தூக்கி வைத்துப் பெல்ட்டைப் போட்டுவிடுகிறாள்.

அன்று பெட்டியில் என்ன எண் விழுந்தது என்று நான் மறுபடி கேட்கவில்லை.

நேற்று அவள் வாங்கிவந்த புது மூட்டையைப் பார்த்தேன். அதன் மேல் அவள் கையெழுத்தில் எடை எழுதியிருந்தது.

ஐம்பத்தொன்று.