சிலுவையின் இடது கை

அந்தக் குளிர்காலம் முழுவதும் நெவெங்காவின் கணவன் ஸ்லாட்கோ சட்டையைக் கழற்றிக்கொண்டே இருந்தான். சாப்பாட்டு மேசை விளக்குக்கு அடியில் அவனைக் குப்புறப் படுக்கவைத்து, முதுகில் எண்ணெய் தடவி, கைக்குள் அடங்கும், விளக்கு பொருத்திய ஒரு பூதக்கண்ணாடியை ஒவ்வொரு மச்சத்தின் மேலும் அழுத்திப் பார்ப்பாள் நெவெங்கா.

"பாக்கப் போறியா, இல்ல பொரிக்கப் போறியா?"

"ஆடாம படு."

"என்ன தெரியுது?"

"உன் முதுகு தெரியுது."

அதுதான் உண்மை. ஊர்ச் சுகாதார நிலையத்தில் இருபது வருடத்துக்கும் மேலாக அவள் ஒருத்திதான் டாக்டர். தொண்டை வலி, ரத்தக்கொதிப்பு, கோடரி பட்ட கால் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பாள். டெர்மடாஸ்கோப் என்ற இந்தக் கண்ணாடியோ ஐம்பது தாண்டியபின் கைக்கு வந்தது. வெறுங்கண்ணுக்கு மச்சம் ஒரு பழுப்புப் பொட்டு. கண்ணாடிக்கு அடியில் அதே பொட்டில் வலை ஓடியது, புள்ளிகள் சிதறின, ஓரத்தில் கோடுகள் நீண்டன, சிலவற்றில் நீலமாக ஒரு படலம். எது வெறும் மச்சம், எது ஆளைக் கொல்லும் என்று அந்த வலையைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவளுக்கு ஆரம்பத்தில் எல்லாமே சட்டிக்கு அடியில் பிடித்த ப்ளம் ஜாம் போலத்தான் தெரிந்தது.

தலைநகர் சரயேவோவில் வகுப்பு எடுத்த பேராசிரியர் ஸெனாத் முதல் நாளே சொல்லியிருந்தார். "மொதல்ல எல்லாமே புத்துநோயாத் தெரியும். அப்புறம் எதுவுமே அப்படித் தெரியாது. ரெண்டாவதுதான் ஆபத்து."

பிறகு ஒரு படம் காட்டினார். ஒரு வெளிநாட்டு வாலிபனின் தோளில் பச்சை குத்திய டிராகன். அதன் இறக்கைக்குள் ஒளிந்து வளர்ந்திருந்த கறுப்புக் கட்டி. "மை இருக்கிற எடத்துல இந்தக் கண்ணாடி குருடு. அங்க யோசிச்சிட்டு நிக்காதீங்க. சதைய வெட்டி அனுப்புங்க." டிராகனின் அசட்டு முழியைப் பார்த்து வகுப்பே சிரித்தது. நெவெங்காவும் சிரித்தாள். ஊரில் பந்தாட்டக் குழுவின் பெயரையும் பட்டாளச் சின்னத்தையும் தோளில் குத்திக்கொண்டு திரியும் பையன்களை நினைத்துக்கொண்டாள்.

பேராசிரியர் சொன்னபடியே நடந்தது. முதலில் எல்லாம் புற்றுநோயாகத் தெரிந்தது. ஊரில் பாதிப் பேர் முதுகில் தையலோடு நடந்தார்கள். பரிசோதனைக்கூடத்திலிருந்து ஒருவர் போன் செய்தார்: "டாக்டர், உங்க ஊர்ல மச்சம் வச்சிருக்கிறதே குத்தமா?" நர்ஸ் ஃபிங்கா அதைக் கேட்டுவிட்டு ஒரு வாரம் சிரித்தாள். நெவெங்கா கையை அடக்கிக்கொண்டாள். வசந்தம் வந்தபோது கண்ணாடியை வைத்த உடனே "ஒண்ணுமில்ல, போய்ட்டு வாங்க" என்று சொல்லவும் வந்தது. பெரும்பாலும் சரியாகவும் இருந்தது.

மேட்டுத் தெருவில் ப்ளம் தோட்டத்தோடு தனியாக இருந்தவள் ஸ்தானா. எழுபது தாண்டிய விதவை. மாதத்துக்கு ஒருமுறை நெவெங்காவும் ஃபிங்காவும் போய் ரத்தக்கொதிப்பு பார்ப்பார்கள். அன்று பட்டையைக் கழற்றும்போது ஸ்தானா முன்கையை நீட்டினாள்.

"இங்க அரிக்குதுடி. கொஞ்சம் தடிச்ச மாதிரியும் இருக்கு."

முன்கையின் வெளிப்புறத்தில் சிலுவை. நான்கு முனையிலும் சின்னக் கிளைகள், சுற்றி ஒரு வட்டம். சிறுமியாக இருந்தபோது ஒரு மார்ச் மாதம், புனித யோசேப்பு திருநாளன்று, விளக்குக் கரியையும் தாய்ப்பாலையும் குழைத்து ஊசியால் குத்தியது. அவள் வயதுக் கத்தோலிக்கப் பெண்கள் எல்லோருடைய கையிலும் அது உண்டு. நெவெங்காவின் அம்மா கையிலும் இருந்தது. அந்தக் கையைப் பிடித்துத்தான் அவள் நடை பழகினாள். அது கையில் வரைந்த ஒன்று என்று அந்த ஊரில் யாருக்கும் தோன்றியதில்லை. முட்டி, ரேகை, நகம் போல அதுவும் கை.

பையில் ஸ்பிரிட் தீர்ந்திருந்தது. கண்ணாடிக்கும் தோலுக்கும் நடுவே ஈரம் இல்லாவிட்டால் ஒன்றும் தெரியாது.

"ராக்கியாச் சாராயம் இருக்கே," என்று ஸ்தானா அலமாரியைத் திறந்தாள். "போன வருஷத்துது. கைக்கு ஒரு சொட்டு, உனக்கு ஒரு வாய்."

"நான் வேலையில இருக்கேன், அத்தை."

"உங்கப்பன் வேலையில இருந்தப்பதான் அதிகம் குடிச்சான்."

ஃபிங்கா வாயைப் பொத்திக்கொண்டாள். நெவெங்கா சாராயத்தை ஊற்றிக் கண்ணாடியை வைத்தாள். சிலுவையின் இடது கை மற்றதைவிடக் கொஞ்சம் அகலம். உள்ளே நீலச் சாம்பல். வலை இல்லை, புள்ளி இல்லை, கோடு இல்லை. சிலுவையின் மேல் கையைப் பார்த்தாள். அங்கேயும் நீலச் சாம்பல். வலது, கீழ், வட்டம், எங்கும் அதே நிறம். அம்மாவின் சிலுவையும் கடைசிக் காலத்தில் இப்படித்தான் ஓரம் கலைந்து பரவியிருந்தது.

"கரி பரவியிருக்கு, அத்தை. வயசானா அப்படித்தான். ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா சரி," என்று ஸ்தானா கையில் மிச்சமிருந்த ஈரத்தை நக்கினாள். "வீணாக்கக் கூடாது."

கோடையில் ஸ்தானா மகள் வீட்டுக்குக் கடற்கரைப் பக்கம் போய்விட்டாள். ப்ளம் உதிரும் நேரத்துக்குத்தான் திரும்பினாள். ரொட்டி மாவு பிசையும்போது மாவில் ரத்தம் பட்டது என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்லி, ஃபிங்கா ஓடி வந்து நெவெங்காவிடம் சொன்னாள்.

இந்த முறை கண்ணாடியே வேண்டியிருக்கவில்லை. சிலுவையின் இடது கை முனையில் கறுப்பாக ஒரு மேடு, மேலே உடைந்த பொருக்கு. நெவெங்கா அதைத் தொடவில்லை. ஸ்தானாவின் கையைத் தூக்கி அக்குளில் விரலை வைத்து அழுத்தினாள். உருண்டையாக, கல் போல, நகராமல் ஒன்று கிடந்தது.

அப்போதுதான் அவளுக்கு அந்த டிராகன் ஞாபகம் வந்தது.

"ஏன்டி மூஞ்சி இப்படிப் போச்சு?"

"சரயேவோ போகணும், அத்தை. வெட்டி எடுக்கணும்."

"எதை?"

"இந்த எடத்த. சுத்தியும் கொஞ்சம்."

ஸ்தானா கையை இழுத்து இடுப்பில் கட்டிய சமையல் துணிக்குள் வைத்துக்கொண்டாள். "சிலுவைய விட்டுட்டு எதை வேணா வெட்டு. விரல வெட்டு. இதோட தான் என்னைப் புதைக்கணும். மேல போனா என்னை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பாங்க?"

"உங்க வாயை வச்சுத்தான்," என்றாள் ஃபிங்கா. ஸ்தானா சிரித்துவிட்டாள். போவதற்கு ஒப்புக்கொண்டாள்.

பேராசிரியர் ஸெனாத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நெவெங்காவுக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். ஸ்கேன் படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நோய் அக்குளைத் தாண்டி ஈரலுக்கும் போயிருந்தது.

"வசந்தத்துல பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"கண்ணாடியில ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

"தெரியல."

"ம்," என்றார். அடுத்த நோயாளியின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

சிலுவையின் இடது கையும் வட்டத்தில் பாதியும் போயின. தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். நெவெங்கா ஒருநாள் விட்டு ஒருநாள் மேட்டுத் தெருவுக்குப் போய்க் கட்டு மாற்றினாள். கட்டுத்துணி ஒட்டிக்கொண்டால் உப்புநீரை ஊற்றிப் பொறுமையாக ஊறவைக்க வேண்டும். இழுத்தால் புதுத் தோல் துணியோடு வந்துவிடும். இந்த வேலை அவளுக்கு நன்றாகத் தெரியும். கட்டு மாற்றுவது, வலிக்கு மருந்து ஏற்றுவது, சாப்பிட வைப்பது. இதைத் தாண்டிச் செய்ய ஒன்றுமில்லை. சரயேவோவிலும் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

"நெவெங்கா," என்றாள் ஸ்தானா ஒரு மதியம், ஊறும் துணியைப் பார்த்தபடி. "அன்னிக்கு சாராயம் ஊத்திப் பாத்தியே. என்னதான் தெரிஞ்சுது?"

"ஒண்ணும் தெரியல, அத்தை. எல்லாம் நீலமா இருந்துச்சு."

"ஒண்ணும் தெரியலன்னா தெரியலன்னு சொல்ல வேண்டியதுதானே? ஒண்ணுமில்லன்னு ஏன் சொன்ன?"

நெவெங்கா துணியின் ஓரத்தை விரலால் தூக்கிப் பார்த்தாள். இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. மறுபடி உப்புநீரை ஊற்றினாள்.

"சரி விடு," என்றாள் ஸ்தானா. "அடுப்புல பீன்ஸ் சூப் இருக்கு. ஊத்திக் குடி. எனக்கு எறங்கல, கொட்டவும் மனசில்ல."

நெவெங்கா இரண்டு கரண்டி ஊற்றிக்கொண்டு நின்றபடியே குடித்தாள்.

அடுத்த திங்கட்கிழமை சுகாதார நிலையத்து வாசலில் ஸ்தானா வயதுக் கறுப்பு முக்காட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெஞ்சு நிறைந்து, படியிலும் இருந்தார்கள். எல்லோருடைய சட்டைக்கையும் முழங்கைக்கு ஏறியிருந்தது.

"ஸ்தானா அனுப்பிச்சா," என்றாள் முதலில் உள்ளே வந்த பாவா என்ற கிழவி. "கையக் காட்டுன்னா. எங்க வீட்டுக்காரன் செத்தப்பகூட நான் இங்க வந்ததில்ல. சீக்கிரம் பாரு, மாடு கத்தும்."

நெவெங்கா ஸ்பிரிட் தடவிக் கண்ணாடியை வைத்தாள். நீலச் சாம்பல். இடப்பக்கம், வலப்பக்கம், வட்டம், கிளை, எங்கும் ஒரே நிறம். கையை விட்டுவிட்டு விரலால் தடவினாள். தடிப்பு எதுவும் தட்டுப்படவில்லை. அரிக்கிறதா, ரத்தம் வந்ததா என்று கேட்டாள். இல்லையாம். இதை வெட்டச் சொல்ல முடியாது. வெட்டுவதென்றால் ஊரிலுள்ள சிலுவை எல்லாவற்றையும் வெட்ட வேண்டும். விட்டுவிடு என்று சொல்லவும் வாய் வரவில்லை.

"என்னடி, ஒண்ணுமில்லதானே?"

"தெரியல, அத்தை."

"டாக்டரு நீதானே?"

"நான்தான். எனக்குத் தெரியல. அடுத்த மாசம் மறுபடி வாங்க. அதுக்குள்ள தடிச்சாலோ அரிச்சாலோ அன்னிக்கே வரணும்."

பாவா சட்டைக்கையை இறக்கிக்கொண்டே வெளியே போனாள். "டாக்டருக்கும் தெரியலயாம்," என்று வாசலில் அவள் சொல்வது கேட்டது. யாரோ இரண்டு பேர் எழுந்து வீட்டுக்குப் போனார்கள். மற்றவர்கள் போகவில்லை.

"அடுத்தவங்கள வரச் சொல்லவா, டாக்டர்?" என்றாள் ஃபிங்கா.

நெவெங்கா கண்ணாடியைத் துடைத்தாள். அடுத்தவள் உள்ளே வந்து உட்கார்ந்து, கையை மேசைமேல் மல்லாத்தி வைத்தாள். பிறகு தப்பென்று நினைத்துக்கொண்டு, சிலுவை மேலே தெரியும்படி திருப்பி வைத்தாள்.