பொம்மை லாரியும் வேட்டித் துணியும்

சென்ற மாதம் ஒரு காலையில் காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்தபோது பல்லடத்திலிருந்து போன் வந்தது. "பிட்டர் போயிட்டாருங்க, மாஸ்டர்" என்றார் ருக்குமணியம்மா. கணவரை அவரும் 'பிட்டர்' என்றேதான் சொன்னார். கம்பெனியில் நாங்கள் எல்லோரும் நாச்சிமுத்துவை அப்படித்தான் கூப்பிட்டோம்.

அவர் பனியன் பின்னும் மெஷின்களுக்குப் பிட்டர், நான் கட்டிங் மாஸ்டர். எனக்கு ரோஷம் அதிகம் என்பது எங்களோடு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒருமுறை கழுத்து வெட்டு கோணல் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். மூன்று நாள் வேலைக்கே போகவில்லை. நாச்சிமுத்துதான் வீட்டுக்கு வந்தார். சமாதானம் எதுவும் பேசவில்லை. "கத்திரி துருப்பிடிக்குதுங்க, வாங்க" என்றார். போனேன்.

எழுபதுகளின் நடுவில் சிங்கப்பூரிலிருந்து வந்த அவருடைய மைத்துனர் ஒரு ரிமோட் லாரி கொண்டுவந்தார். முழங்கை நீளம் இருக்கும். பக்கத்தில் மெஷின் ஓடினால் அது தன் இஷ்டத்துக்குத் திரும்பும். அதனால் ஞாயிற்றுக்கிழமை பகலில் மட்டும் கம்பெனி வாசலில் ஓட்டுவோம். ஒரே மாதத்தில் உள்ளிருந்த பிளாஸ்டிக் பல்சக்கரம் தேய்ந்துவிட்டது. நாச்சிமுத்து அனுப்பர்பாளையத்துப் பாத்திரப் பட்டறையில் சொல்லிப் பித்தளையில் ஒன்று செய்து வாங்கி வந்தார். வழுக்கிய டயர்களுக்குச் சைக்கிள் டியூபை வளையம் வளையமாக வெட்டி மாட்டினார். "செஞ்சவன் உட்ட எடத்துல இருந்துதானுங்க நம்ம வேலை ஆரம்பிக்குது" என்பார்.

அதோடு நின்றிருக்கலாம். குடோன் சரிவில், கூம்பாகச் சுற்றிய ஒரு நூல் கோனைச் சுமந்துகொண்டு லாரி ஏறும் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். சிரித்தார்கள். "ஆயுத பூசையன்னிக்கு ஏறலைன்னா பொட்டியில போட்டுப் பூட்டீருவனுங்க. அப்பறம் தொடமாட்டேன்" என்றார். சொன்னால் செய்கிற ஆள். எனக்குத்தான் பயம். அந்த ஞாயிற்றுக்கிழமைகளை விட்டால் எனக்கு வேறு போக்கிடம் கிடையாது.

ஒவ்வொரு ஞாயிறும் லாரி பாதிச் சரிவில் முனகி நின்றது. பேட்டரியைத் திட்டினோம், மோட்டாரைத் திட்டினோம். ஓட்டுவதற்கு முன் லாரியைத் துடைத்துக் கொடுப்பது என் பங்கு. கட்டிங் மாஸ்டரின் தோளில் பனியன் வேஸ்டுக்கா பஞ்சம்? மெஷினோ மூக்குக்கண்ணாடியோ, எங்கள் ஊரில் எல்லாவற்றையும் அந்தத் துணித் துணுக்கால்தான் துடைப்போம். அச்சு, சக்கரம் என்று ஒன்று விடாமல் அழுத்தித் துடைப்பேன்.

ஆயுத பூசை அன்று மெஷின்கள் எல்லாம் நின்றிருந்தன. நாச்சிமுத்து ஒரு வேட்டித் துண்டை என்னிடம் நீட்டினார். "பூசை போடற வண்டிங்க மாஸ்டர். இன்னிக்கு இதுல தொடைங்க." பயபக்தியோடு துடைத்துக் கொடுத்தேன். லாரி கோனைச் சுமந்துகொண்டு, முனகாமல், சரிவின் உச்சிக்குப் போய் நின்றது. அன்று காலையில் பேட்டரியை முன்னால் தள்ளி வைக்கச் சொன்னது நான்தான் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டேன். "ஆமாங்க, மாஸ்டர் ரோசனைதானுங்க" என்று அவரும் தலையாட்டினார். இத்தனை வருடமும் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

காரியத்துக்குப் பல்லடம் போயிருந்தேன். ருக்குமணியம்மா பெட்டியைத் திறந்து காட்டினார். லாரி இருந்தது, அந்த வேட்டித் துண்டு இருந்தது. கூடவே கொக்கி முனை வைத்த ஒரு பனியன் மெஷின் ஊசி.

"இது எதுக்குங்க?" என்று கேட்டேன்.

"திங்கக்கெழமையானா இத வெச்சுத்தானுங்க தொடைக்கற துணியிலருந்து அச்சுல சுத்தியிருக்கற பனியன் நூலையெல்லாம் நோண்டி எடுப்பாரு. அதுதான் வண்டிய இறுக்கிப் புடிச்சுட்டு இருந்துதுங்க. மாஸ்டர்கிட்டச் சொன்னா என்னன்னு கேட்டேன். 'லாரி ஏறாட்டிப் போச்சாது, போவுட்டும். சொன்னா அவரு வராம போயிருவாரு'ன்னாரு. பூசைன்னு ஒரு சாக்குக் கெடைச்சதும் நூல் உதுராத துணியா வேட்டியக் கிழிச்சுக் குடுத்தாருங்க."

அத்தனை பேர் முன்னால் விட்ட சவாலை விட நான் வந்து உட்கார்வது அவருக்குப் பெரிதாக இருந்திருக்கிறது. என் வாழ்நாளில் முதல்முறையாக, என் தப்பு ஒன்று தெரியவந்தும் எனக்கு ரோஷம் வரவில்லை.

லாரியை அவர் பேரனே வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டு, வேட்டித் துண்டை மட்டும் கேட்டு வாங்கி வந்தேன். இதை எழுத உட்காரும் முன் மூக்குக்கண்ணாடியை அதில்தான் துடைத்தேன்.