ரொட்டியின் மேல் விழுந்த பழி

கல்லைத் தின்றாலும் செரிக்கும் என்று பேர் வாங்கிய வயிறு என்னுடையது. ஐம்பதைத் தாண்டியதும் அது என்னைக் கைவிட்டது. காலையில் கோப்பியில் ரொட்டியை நனைத்துச் சாப்பிட்டுவிட்டு கமுந்திங் தொழிற்சாலைக்குக் கிளம்பினால் பாதி வழியிலேயே உப்பிப் பிசையும். ஈப்போவிலிருந்து அங்கே வரைக்கும் எந்தப் பெட்ரோல் நிலையத்துக் கழிவறை சுத்தம் என்று எனக்கு மனப்பாடம். இடுப்பில் கால்சட்டை நிற்கவில்லை. டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, கோதுமை என் குடலுக்கு ஆகாது, இனி ஆயுசுக்கும் தொடக்கூடாது என்றார். அதை விட்ட பிறகும் எடை இறங்கினால் வேறு ஏதோ நோய் என்று அர்த்தம், பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பவேண்டும் என்றும் சொன்னார். அந்த ‘வேறு ஏதோ’ என் மனைவியின் தூக்கத்தைக் கெடுத்தது.

“விட்டுத் தொலைங்கலா அந்த ரொட்டிய,” என்றாள். “சோறு இருக்கு, தோச இருக்கு. நம்ம சாப்பாட்டுல ஏது கோதும?”

நியாயம்தான். ஆனால் எனக்கு ரொட்டி வேண்டும். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போன வீட்டில் பிறந்தவன் நான். ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு முன்னால் கோப்பியும் ரொட்டியும்தான் எங்கள் பசியாறல். பால்மரமெல்லாம் போய் எண்ணெய்க்கு நடும் செம்பனையாகிவிட்டது, ரொட்டி மட்டும் மிச்சம். அதையும் பிடுங்கிக்கொண்டால் எப்படி?

கோதுமை இல்லாத ரொட்டி ஈப்போவில் கிடைக்காமல் இல்லை. கிடைத்ததைத் தின்ன முடியவில்லை. ஒன்று செங்கல். இன்னொன்று பொலபொலவென்று உதிர்ந்து கோப்பிக்குள் கஞ்சியாகிவிட்டது. மனைவி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு உறையையும் திருப்பித் திருப்பிப் படிப்பாள். மலாயில் கோதுமைக்குக் ‘கண்டும்’ என்று பெயர். அந்த ஒரு சொல்லைத் தேடியே கடைக்காரர்களின் பொறுமையைச் சோதித்தாள். கடைசியில் காம்பாரில் ஒரு சீனப் பெண்மணி அரிசிமாவில் சுட்ட ரொட்டி அகப்பட்டது. மெத்தென்று இருந்தது. கோப்பியில் நனைந்தது, உடையவில்லை. ரொட்டிக்கு அழுகிற ஆம்பளையை என் மனைவி அன்றைக்குத்தான் பார்த்திருப்பாள்.

வயிறு மட்டும் மாறவில்லை.

பழி முழுக்க ரொட்டி மேல் விழுந்தது. “அந்தச் சீனம்மா ஒரே மேசையில ரெண்டு மாவையும் பெசையுது போலருக்கு,” என்று மனைவி அதை நிறுத்திவிட்டாள். சோறும் ரசமும் மட்டும் போட்டாள். வயிற்றுக்கு இதம் என்று ரசத்தில் பெருங்காயத்தைத் தாராளமாகத் தட்டினாள், மோரிலும் கரைத்துக் கொடுத்தாள். வயிறு இன்னும் மோசமானது. அவள் இன்னும் தட்டினாள். நான் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வேன். சலிப்பு என்றால் அப்படியொரு சலிப்பு. எடை பார்க்கப் போகக்கூட மனமில்லை. என்னவோ ஆகட்டும், என்னைப் படுக்கவிட்டால் போதும் என்று தோன்றிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பெருங்காயப் போத்தல் காலி. எப்போதும் புதுப் பொட்டலத்தைக் கிழித்துப் போத்தலில் கொட்டிவிட்டு உறையை வீசிவிடுவாள். பெருங்காயத்துக்கு எவள் எழுத்துப் பார்ப்பாள்? அன்றைக்குக் கண்ணாடி மூக்கில் இருந்தது. பழக்க தோஷத்தில் படித்துவிட்டாள்.

“ஏங்க, இங்க வாங்க.”

குரல் சரியில்லை. போனேன். உறையின் மேல் விரலை வைத்திருந்தாள். தெப்போங் கண்டும், கோதுமை மாவு. பெருங்காயத்தைத் தூளாக்கும்போது அதைக் கலந்துவிடுகிறார்கள்.

அடுப்பை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். “நாந்தான் ஊத்தி ஊத்திக் குடுத்துருக்கேன்,” என்றாள். “ஊரு பூரா ரொட்டிக்காரங்கள சந்தேகப்பட்டுட்டு.”

வேலியே பயிரை மேய்ந்த கதை என்று கிண்டல் வாய்வரைக்கும் வந்தது. அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். கோபப்படவும் தெம்பு இல்லை.

“அப்ப வேற நோவு இல்லலா,” என்றேன். “பெருங்காயந்தான்.”

அதற்குத்தான் அவள் அழுதாள்.

அன்றைய ரசத்தில் பெருங்காயம் இல்லை. புளி போட்ட வெந்நீர் மாதிரி இருந்தது. அவள் பக்கத்தில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு கரண்டி ஊற்றச் சொல்லித் தட்டை நீட்டினேன்.