ஒன்பதாவது இன்னிங்ஸில் எழும்பிப் போனவன்

போன வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு என் அணிக்குப் புது சீசன் தொடங்கியது. அமெரிக்க பேஸ்பால். உலகத்தின் தெற்கு மூலையில், ரோவில் புறநகரில் இருக்கும் தமிழனுக்கு அமெரிக்க பேஸ்பால் எதற்கு என்று இந்தப் பத்தியின் வாசகர்கள் இரண்டு பேர் ஏற்கெனவே எழுதிக் கேட்டுவிட்டார்கள். ஒரேயொரு தடவை பதில் சொல்லித் தொலைக்கிறேன்.

நான் குளிர்களஞ்சியத்தில் நைட் ஷிஃப்ட் வேலை செய்கிறவன். காலை ஏழு மணிக்கு மேல்தான் வீடு. வந்தவுடன் நித்திரை வராது. டிவியைப் போட்டால் அந்த நேரத்தில் என்ன இருக்கும்? சமையல், வயிறு குறைக்கும் மெஷின் விளம்பரம், பிறகும் சமையல். நேரலையில் நடக்கும் ஒரே விளையாட்டு பேஸ்பால்தான் — அங்கே பின்னேரம், இங்கே காலை. இந்த ஊரில் கிரிக்கெட் தொடங்கும்போது நாங்கள் குறட்டை விட்டுக்கொண்டிருப்போம். பகலில் வேலை செய்கிறவர்களுக்கு இது விளங்காது. விளங்கவும் வேண்டாம்.

இந்தப் பைத்தியத்தை எனக்குப் பிடிக்கவைத்தவன் அன்ரன். மன்னார்க்காரன், படகில் வந்தவன், என்னோடு ஒரே ஷிஃப்ட். எட்டு சீசனாக என் வீட்டு சோஃபாவில் இடது பக்கம் அவன், வலது பக்கம் நான். நடுவில் என் மனைவி வைத்துவிட்டுப் போகும் புட்டும் சம்பலும்.

எங்கள் ஊரில் கிரிக்கெட் பார்க்கும்போது ஒரு சட்டம் இருந்தது. நம்முடைய ஆள் நன்றாக அடித்துக்கொண்டிருந்தால் ஒருவரும் இருந்த இடத்தைவிட்டு எழும்பக் கூடாது. கால்மேல் கால் போட்டிருந்தால் அப்படியேதான். மூத்திரம் முட்டினாலும் பொறுக்க வேண்டும். அந்தச் சட்டத்தை நான் அப்படியே பேஸ்பாலுக்குக் கொண்டுவந்தேன். அன்ரனுக்கு அதில் நம்பிக்கை இல்லை. எனக்காக அசையாமல் இருப்பான்.

போன ஒக்டோபரில் எங்கள் அணி ஒரேயொரு ஆட்டம் வென்றால் அடுத்த சுற்று. ஒன்பதாவது இன்னிங்ஸ் — அதுதான் கடைசி. நாங்கள் ஒரு ஓட்டம் முன்னால். அப்போது அன்ரனின் ஃபோன் அடித்தது. பார்த்தான்... எழும்பினான்.

"இரடா" என்றேன்.

இருக்கவில்லை. வெளியே போய்விட்டான். இரண்டு பந்துதான். எதிரணியில் ஓடுவதற்கு இருவர் நின்றார்கள், அடித்தவனின் பந்து வேலிக்கு மேலால் பறந்தது, மூன்று ஓட்டம். முடிந்தது சீசன்.

அன்ரன் திரும்பி வந்தபோது அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும். "நீ ராசியில்லாதவன்ரா. நீ இருக்கிற இடத்தில ஒண்டும் சரிவராது" என்றேன்.

அவன் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனான். எப்போதும் வாசலில் நின்று சொல்கிற 'போட்டு வாறன்' கூடச் சொல்லவில்லை.

இரண்டு ஞாயிறு கழித்து மனைவி தேவாலயத்தில் பூசை முடிந்து வந்து, குசினிக்குள் போகாமல் என் முன்னால் நின்றாள்.

"இஞ்சாருங்கோ, அண்டைக்கு அன்ரனுக்கு எடுத்தது ஆர் தெரியுமோ?"

"ஆர்?"

"லோயர். கேஸ் ரிஜெக்ட் எண்டு சொல்ல எடுத்தவராம்."

பதின்மூன்று வருடமாக விசாவுக்கு அலைகிறவன். அந்தச் செய்தியோடு உள்ளே வந்தவனைப் பார்த்து நான் சொன்னது என்ன? ராசியில்லாதவன். ஒரு பந்துக்காக.

உடனே போய் மன்னிப்புக் கேட்டிருக்கலாம்தானே என்கிறீர்களா? கேட்டிருக்கலாம். எனக்குத் திட்டத் தெரியும். மற்றது பழகவில்லை. அன்ரன் சாப்பாட்டு அறையில் வேறு மேசைக்கு மாறினான். நான் என் மேசையில் தனியாக இருந்து தின்றேன். ஐந்து மாதம்.

மார்ச் வந்தது. மார்ச்சில் எல்லா ரசிகனும் பைத்தியம்தான். எங்களுக்கு இந்த வருடம் இடதுகையால் எறிகிற புதுப் பையன் ஒருவன் வந்திருக்கிறான். அவன் எறிகிற வீடியோவை நாற்பது தடவையாவது பார்த்திருப்பேன். போன வருடத் தோல்விகள் எல்லாம் அழிந்து, முப்பது அணிக்கும் பூச்சியம் என்று மேசை துடைத்துவைத்த மாதிரி இருந்தது. ஆனால் இந்தச் சந்தோசத்தை யாரிடம் சொல்வது? மனைவியிடம் சொன்னேன். "நல்லது, குப்பையை வெளியில வையுங்கோ" என்றாள்.

பேஸ்பாலில் வருடத்துக்கு ஒரு தடவை எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் தொடங்குகிறார்கள். குடிவரவு அலுவலகத்தில் அன்ரனின் கோப்புக்கு மட்டும் புது சீசன் வருவதில்லை. அது அவர்களுடைய வெட்கக்கேடு. என்னுடைய கோப்பை நானாவது அழிக்க வேண்டாமா?

வெள்ளிக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் கார் பார்க்கில் அவனுடைய காருக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"இண்டைக்கு மட்ச் தொடங்குது" என்றேன்.

"தெரியும்."

"வாறியா?"

"நான் ராசியில்லாதவன் எல்லே, அண்ணை."

சொல்லிவிட்டுக் கார்த் திறப்பைத் தேடுகிற மாதிரிப் பையைத் துழாவினான். திறப்பு கையில்தான் இருந்தது.

"அண்டைக்கு நான் கதைச்சது பிழை" என்றேன்.

"என்ன?"

"பிழை எண்டு சொல்லுறன்."

"லொறிச் சத்தம். கேக்கேல்லை அண்ணை."

லொறி அரை கிலோமீட்டருக்கு அப்பால் நின்றது. மூன்றாம் தரமும் சொன்னேன், கார் பார்க்கில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. அன்ரன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"அக்கா புட்டு அவிச்சவவோ?"

"ஓம்."

"அப்ப வாறன்."

இடது பக்கம் அவன், வலது பக்கம் நான். புதுப் பையன் எறிந்தான் பாருங்கள்... ஆறு இன்னிங்ஸில் ஒருவனும் தொடவில்லை. ஏழாவதில் நாங்கள் இரண்டு ஓட்டம் முன்னால். அப்போது அடித்தது ஃபோன்.

இரண்டு பேரும் ஃபோனைப் பார்த்தோம். அன்ரன் அதன்மேல் கையை வைத்து அமத்தினான்.

"எடு" என்றேன்.

"இந்த இன்னிங்ஸ் முடியட்டும் அண்ணை."

"எழும்பி வெளியில போய்க் கதை. இஞ்ச டிவி சத்தம்."

போனான். அவன் கதவைச் சாத்தவும் புதுப் பையனை மாற்றி வேறொருவனைக் கொண்டுவந்தார்கள். அந்த மூதேவி வரிசையாக மூன்று ஓட்டம் கொடுத்தான். குசினி வாசலில் நின்ற மனைவி டிவியைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாய்க்குள் புட்டை அடைத்தேன்.

அன்ரன் உள்ளே வந்து திரையைப் பார்த்தான்.

"பின்னால போயிட்டமோ?"

"ஓம்."

"என்னாலயோ?"

"எறிஞ்சவனால. கையில வெண்ணெய் பூசிக்கொண்டு வந்திருக்கிறான். ஆர் எடுத்தது?"

"லோயர். அப்பீலுக்கு ஓகஸ்ட்டில திகதி குடுத்திருக்கினமாம்."

அப்பீல் கிடைக்குமா, கிடைக்காதா? எனக்கு எப்படித் தெரியும்? ஐந்து மாதமாக ஒரு திகதியும் இல்லாதவனுக்கு ஒரு திகதி கிடைத்திருக்கிறது. அன்றைக்கு அது போதும். மனைவி இன்னொரு அகப்பை புட்டை அவன் சாப்பாட்டுக் கோப்பையில் கொட்டினாள்.

"ஓகஸ்ட்டில நாங்கள் எத்தினையாம் இடத்தில நிப்பம் அண்ணை?" என்றான்.

"முதலாவது. கோர்ட்டுக்கு நானும் வாறன், ஸ்கோர் பாத்துச் சொல்லுறன்."

ஆட்டத்தில் ஒரு ஓட்டத்தால் தோற்றோம். சீசனின் நூற்று அறுபத்திரண்டு ஆட்டத்தில் ஒன்று போனது, நூற்று அறுபத்தொன்று கிடக்கிறது. அன்ரன் கைகழுவி, சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று சப்பாத்தைப் போட்டான்.

"போட்டு வாறன் அண்ணை" என்றான்.

முதல் நாளே தோல்வி. நல்ல தொடக்கம்.