தெரியாது என்று சொன்ன முகம்

1950 மார்ச்சில் ஒரு நாள் காலை ஆறரை மணிக்கு, மலாய் நாட்டுக் காஜா பெராங்கில் பாக்கியலட்சுமி குடியிருந்த பலகை வீட்டின் கதவை யாரோ தட்டினார்கள். ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் வேலைக்குக் கிளம்பும் முன் ஒன்பது வயது மகள் மல்லிகாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள் அவள். தட்டிய விதத்திலேயே யாரென்று தெரிந்துவிட்டது. அக்கம்பக்கத்தார் தட்டினால் கூடவே பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். போலீஸ்காரர்கள் தட்டிவிட்டுச் சும்மா நிற்பார்கள். இரண்டு வருஷத்தில் இது ஐந்தாவது முறை.

அவள் கணவன் தேவதாஸ், ரோட்டுக் கூலிகளின் சங்கத்தில் செயலாளராக இருந்தவன். 48இல் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்கார அரசாங்கம் அவசரகாலம் அறிவித்ததும் சங்கத்தை மூடி, தலைவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். தேவதாஸ் சிங்கப்பூர் போவதாகச் சொல்லிவிட்டு, வேலைக்குப் போன சட்டையோடு அப்படியே மறைந்துபோனான். போலீஸ் வந்து கேட்டபோதெல்லாம், “சிங்கப்பூர் போறேன்னு போனாரு, ஒரு கடுதாசிகூட இல்ல” என்று ஒரே பதிலைச் சொன்னாள். முதல் நான்கு முறையும் அது உண்மை.

இப்போது அது உண்மையில்லை. மூன்று மாதத்துக்கு முன், அடைமழையில், விளக்கு வைக்கிற நேரத்தில் அவன் பின்பக்கமாக வந்திருந்தான். இளைத்துக் கறுத்துப்போயிருந்தான். சோறு போட்டாள். அரிசியும் கருவாடும் கட்டிக் கொடுத்தாள். சட்டையில் நடுப் பொத்தான் இல்லாததைப் பார்த்து, மகளின் கவுனிலிருந்து பூப்போல வெட்டிய பொத்தான் ஒன்றைக் கத்தரித்துத் தைத்துவிட்டாள். மல்லிகா அதற்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அவன் சிரித்தான். ஒரு மணி நேரம்கூட இருக்கவில்லை.

அரசாங்கத்தை எதிர்த்துத் துப்பாக்கியோடு காட்டுக்குள் இருப்பவர்களுக்கு ஒரு பிடி அரிசி கொடுத்தாலும் ஜெயில் என்றிருந்த காலம். புக்கிட் பாருவில் ஒருத்தியைப் பிள்ளைகளோடு பிடித்து அடைத்து, பிறகு கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பியிருந்தார்கள். பாக்கியலட்சுமி ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். கப்பலைக் கரையில் நின்றுதான் பார்த்திருக்கிறாள்.

கதவைத் திறந்தாள். சப்-இன்ஸ்பெக்டர் ஜெயபாலன் நின்றார். பின்னால் துப்பாக்கியோடு இரண்டு மலாய்ப் போலீஸ்காரர்கள்.

“உள்ள வரலம்மா. ஒரு படம் இருக்கு. பாத்துச் சொன்னா போதும்.”

பழுப்பு உறையிலிருந்து படத்தை எடுத்து அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். புல்தரையில் கிடத்தியிருந்த பிணம். முகம் வீங்கி, ஒரு கண் பாதி திறந்திருந்தது. முகத்தை வைத்து அவளால் சொல்லியிருக்க முடியாது. சட்டையின் நடுவில் அந்தப் பொத்தான் இருந்தது.

கதவின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“யாரு சார் இது?”

“அத நீங்கதான் சொல்லணும்.”

“எனக்குத் தெரியல.”

“நல்லாப் பாருங்கம்மா. உங்க வீட்டுக்காரர் இல்லியா?”

“அவரு இவ்வளவு ஒல்லி இல்ல சார்.”

ஜெயபாலன் படத்தை இறக்கவில்லை. அவளையே பார்த்தார். அவள் கண்ணை எடுத்தால் மாட்டிக்கொள்வாள் என்று அவளுக்கும் தெரியும். எடுக்காமல் நின்றாள். தெருவில் ரொட்டிக்காரனின் சைக்கிள் மணி கேட்டு, போலீஸைக் கண்டதும் நின்றுபோனது.

“பாப்பா, இங்க வா” என்றார் அவர்.

பாதி பின்னிய தலையோடு மல்லிகா வந்தாள். பாக்கியலட்சுமி குறுக்கே கையை நீட்டினாள்.

“செத்தவன் மூஞ்சிய புள்ளைக்குக் காட்டாதீங்க சார். பயந்துக்கும்.”

“தள்ளுங்கம்மா.”

துப்பாக்கிக்காரர்களில் ஒருவன் ஓரடி முன்னால் வந்தான். அவள் கையை இறக்கினாள். மல்லிகா படத்தைப் பார்த்தாள். அவளுக்கு அந்தப் பொத்தானைத் தெரியாமல் இருக்காது. ஒரு வாரம் அதற்காக அழுதவள்.

“இது யாரு பாப்பா? அப்பாவா?”

“இல்ல சார். எங்கப்பா சிங்கப்பூர்ல இருக்காரு.”

ஜெயபாலன் படத்தை உறையில் போட்டுக்கொண்டார். படியிறங்கியவர், திரும்பிப் பார்க்காமலே, “பேர் சொல்ல ஆள் இல்லன்னா கவர்மெண்டே பொதைச்சிரும்” என்றார். அது மிரட்டலா, இரக்கமா என்று அவளுக்குப் பிடிபடவேயில்லை.

மீதித் தலையைப் பின்னி முடித்தாள். வேலைக்கும் போனாள். அழுதால் யாராவது ஏனென்று கேட்பார்கள். ரத்தக்கறை படிந்த விரிப்புகளை வழக்கத்தைவிட ஓங்கி அடித்துத் துவைத்தாள். மகளிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. குழந்தைக்குத் தெரியவில்லை என்றே நம்பிக்கொண்டாள்.

அதன்பின் தினமும் பொட்டு வைத்துக்கொண்டாள். தாலி கழுத்திலேயே இருந்தது. காரியம் செய்யவில்லை. 55இல், சரணடைந்தால் மன்னிப்பு என்று அரசாங்கம் அறிவித்தபோது சிங்கப்பூர்க் கதையை நம்பாத பக்கத்து வீட்டு ஜமீலா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். “இனிமே மச்சான் வந்துருவாரு அக்கா! நான் துவா செய்றேன்.” பாக்கியலட்சுமி அவளுக்குக் காப்பி கலந்து கொடுத்து, “வரட்டும்” என்றாள். 57இல், சுதந்திரத்தன்று ஊரே கொடி பார்க்கப் போனபோது, தலைவலி என்று வீட்டிலேயே படுத்துக்கொண்டாள்.

61இல் மல்லிகாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. டைப்பிஸ்ட் வேலையிலிருந்த அவளும் தாயும் பத்திரிகை அடிக்க அச்சகத்துக்குப் போனார்கள். அச்சகக்காரர் பொன்னுதுரை பென்சிலோடு நிமிர்ந்தார்.

“அப்பா பேரு தேவதாஸ். முன்னால திரு போடவா, காலஞ்சென்ற போடவா?”

பாக்கியலட்சுமியின் கை தாலிக்குப் போனது.

“காலஞ்சென்ற” என்றாள் மல்லிகா.

வெளியே வந்து வெயிலில் நின்றார்கள்.

“எப்ப தெரியும்?”

“அன்னைக்கே தெரியும்மா.”

“ஏண்டி எங்கிட்ட சொல்லல?”

“நீங்க அழல. நானும் அழக்கூடாதுன்னு நெனச்சேன்.”

பதினோரு வருஷம் ஒரே வீட்டில், ஒரே பாயில், ஒருத்திக்குத் தெரியாமல் ஒருத்தி துக்கம் அனுசரித்திருக்கிறார்கள். தெருவென்றும் பாராமல் பாக்கியலட்சுமி மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அவசரகாலம் முடிந்துவிட்டதால், மறுநாள் இருவரும் பயமில்லாமல் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், எங்கே புதைத்தார்கள் என்று கேட்டார்கள். ஜெயபாலன் மாற்றலாகிப் போயிருந்தார். பெயரில்லாத பிணங்களுக்குத் தனிக் குழி கிடையாது என்று அங்கிருந்தவர் சொன்னார்.

கல்யாணத்துக்கு முன்பே அவள் தாலியைக் கழற்றிவிட்டாள். வெறும் நெற்றியோடு மண்டபத்தின் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவளிடம் மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி, “எப்பம்மா தவறுனாரு?” என்று கேட்டாள்.

“எனக்குத் தெரிஞ்சு பதினோரு வருஷம்” என்றாள் பாக்கியலட்சுமி. கேட்டவள், நிச்சயத்தன்று பொட்டும் தாலியுமாகப் பார்த்தவளை ஏற இறங்கப் பார்த்தாள். தன் பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொண்டு வேறு வரிசைக்குப் போய்விட்டாள்.