கல் ஆடுகிறது

எங்கள் வீட்டில் முதலில் குற்றவாளியானது கத்திதான்.

அப்பா கண்டி டவுனில் ஒரு ஹோட்டலில் தலைமைச் சமையற்காரர். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு லயத்தில் பிறந்து, பாத்திரம் கழுவும் வேலைக்குப் போய், காய் வெட்டும் மேசைக்கும் அங்கிருந்து அடுப்புக்கும் வந்தவர். அவர் வெங்காயம் அரிந்தால் வளையங்கள் அச்சில் வார்த்ததுபோல் விழும். எனக்கு ஒன்பது வயது நடந்த வருடம், அந்த வளையங்கள் ஒன்று தடித்தும் அடுத்தது மெலிந்தும் விழத் தொடங்கின. கத்தியில் கூர் இல்லை என்றார் அப்பா. வெளியே தீட்டக் கொடுத்தார். தீட்டியவனுக்கு வேலை தெரியாது என்றார். புதுக் கத்தி வாங்கினார். இப்போது வருகிற இரும்பே சரியில்லை என்றார். அம்மா எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டார்.

பிறகு ஒரு லீவு நாளில், கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குப் பக்கத்தில் பாவித்த பழைய சாமான் விற்கும் முஸ்லிம் நானா ஒருவரிடம் போய், ஒரு கனத்த அட்டைப் பெட்டியோடு வந்தார். இரண்டு பஸ் மாறி, மேட்டுப் பாதையில் நடந்து வந்தவர் உட்காரக்கூட இல்லை. பெட்டிக்குள் மின்சாரத்தில் ஓடும் தண்ணிச் சாணை. ஒரு பக்கம் சோற்றுப் பீங்கான் அளவுக்குச் சாம்பல் நிறக் கல். மறுபக்கம் தோல் சுற்றிய சக்கரம். கல்லின் அடிப்பாகம் முங்கும்படி ஒரு தொட்டி. கல்லுக்கு மேலே குறுக்காக ஒரு இரும்புக் கம்பி. சாதாரணச் சாணையில் பொறி பறக்கும், சூட்டில் கத்தியின் ஓரம் நீலம் பாய்ந்து கெட்டுப்போகும். இதில் கல் நனைந்துகொண்டே மெதுவாகச் சுற்றுவதால் கத்தி குளிர்ந்தே இருக்கும் என்று விளக்கினார். கத்தியை இடுக்கியில் பூட்டிக் கம்பியின் மேல் வைத்துவிட்டால் சாய்வு மாறவே மாறாது என்பதை மட்டும் இரண்டு தரம் சொன்னார்.

குசினி மேசையில் அதை ஏற்றினோம். தண்ணீர் ஊற்றும் பொறுப்பு எனக்கு. ஒரு செம்பு ஊற்றினேன்; கொஞ்ச நேரத்தில் தொட்டி வறண்டு கிடந்தது. ஓட்டை என்று நினைத்துக் கத்தினேன். பழைய கல் காய்ந்து கிடந்திருக்கிறது, குடித்து முடிக்கட்டும் என்றார் அப்பா. நாலாவது செம்பில்தான் அதற்குத் தாகம் அடங்கியது.

முன்பு வைத்திருந்தவர் கல்லின் நடுவிலேயே தீட்டித் தீட்டி அதில் பள்ளம் விழுந்திருந்தது. வைர முனை பதித்த ஒரு கருவியைக் கம்பியில் பூட்டி, கல்லின் முகம் முழுவதையும் சீவி அப்பா சமப்படுத்தினார். சாம்பல் நிறச் சேறு தொட்டியில் இறங்கியது. பிறகு என் மார்க்கர் பேனையால் கத்தியின் ஓரத்தில் கறுப்புப் பூசி, கல்லைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். மை ஓரம் முழுக்க அழிந்தால் சாய்வு சரி என்று அர்த்தம். மூன்றாம் தரம் சரியாக அழிந்தது. சுவிட்சைப் போட்டு இடுக்கியைப் பிடித்தார்.

டக், டக், டக் என்று இடுக்கி கம்பியில் அடித்தது.

"கல்லு ஆடுது" என்றார் அப்பா.

மறுபடி சீவினார். மறுபடி டக், டக். மேசைக்கால் குட்டையோ என்று என் பழைய பள்ளிக்கூடக் கொப்பியின் மட்டையை மடித்து வைத்தார். மெஷினைத் தரையில் இறக்கினார். நட்டுகளை எல்லாம் முறுக்கினார். திரும்பவும் சீவினார். அந்தப் பிற்பகலில் கல் சிறுத்தது என் கண்ணுக்கே தெரிந்தது. நானாவை ஏமாற்றுக்காரர் என்றுகூடச் சொன்னார். அப்பா யாரையும் அப்படிச் சொல்கிறவர் இல்லை.

கடைசியில் அம்மாவைக் கூப்பிட்டு, பிடித்துப் பார்க்கச் சொன்னார். அம்மா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து கத்தியை வாங்கினார். கல் தண்ணீரை வாரிச் சுற்றியது. கத்தி வழுக்கிக்கொண்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போனது. சத்தமே இல்லை. நான் சந்தோஷத்தில் கை தட்டப் போனேன்.

"ஆடுதா?" என்று கேட்டார் அப்பா.

"ஆமாங்க. எனக்கும் ஆடுது" என்றார் அம்மா. சொல்லிவிட்டு மணிக்கட்டை லேசாக அசைத்தார். டக் என்றது.

பொய் சொல்லக்கூடாது என்று பள்ளிக்கூடத்தில் நாலு வருடமாகச் சொல்லித் தந்திருந்தார்கள். நான் நல்ல மாணவி.

"இல்லப்பா. அம்மா புடிச்சா சத்தமே வரல. இப்ப வேணும்னு ஆட்டுறாங்க."

அம்மா என் பக்கம் திரும்பவில்லை. அப்பா சுவிட்சை அணைத்தார். கல் சுற்றி ஓய்ந்து நின்றது. அவர் கத்தியை வாங்கி, இடுக்கியைக் கம்பியின் மேல் வைத்துப் பிடித்தார். நின்றுபோன கல்லுக்கு மேலே அவர் பிடியில் இடுக்கி டக், டக் என்று அடித்துக்கொண்டிருந்தது. மூன்று பேரும் கேட்டுக்கொண்டு இருந்தோம்.

"கல்லு நல்லாத்தான் இருக்கு" என்றார் அப்பா. கத்தியை அம்மாவிடம் நீட்டினார். "நீயே புடி. நான் சாய்வு வச்சுத் தாரேன்."

அன்று வீட்டிலிருந்த ஐந்து கத்திகளையும் அம்மா தீட்டினார். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் அழுத்து, போதும், திருப்பு என்று மட்டும் சொன்னார். தோல் சக்கரத்தில் கடைசியாக மினுக்கி எடுத்த கத்தியால் அம்மா ஒரு தக்காளியை வெட்டினார். தோல் கசங்காமல் இரண்டாகியது. அப்பா சிரித்தார். என் சாட்சியத்தால்தான் வேலை நடந்தது என்ற பெருமையில் நான் இருந்தேன்.

அடுத்த வாரம் இருவரும் பேராதனையில் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார்கள். வருட முடிவில் அப்பா ஹோட்டல் வேலையிலிருந்து நின்றார். அந்த ஹோட்டலின் கத்திகளே முதலில் எங்கள் வீட்டுக்குத் தீட்ட வந்தன. பிறகு டவுன் கடைகளின் கத்திகளும் வந்தன. அப்பாவின் கண்ணும் அம்மாவின் கையும் சேர்ந்து ஒரு ஆளாக வேலை செய்தன. அம்மா கெட்டிக்காரி, அப்பாவின் வேலையைப் பிடித்துக்கொண்டார் என்று நான் பள்ளிக்கூடத்தில் சொல்லித் திரிந்தேன்.

ஒன்று மட்டும் எனக்கு அப்போது விளங்கவே இல்லை. சாணை வருவதற்கு எத்தனையோ மாதங்களுக்கு முன்பிருந்தே அம்மா அப்பாவுக்கு அரைக் கோப்பைத் தேத்தண்ணிதான் கொடுப்பார். குடித்து முடித்ததும் எழுந்து போய் இன்னொரு அரைக் கோப்பை கொண்டுவருவார். நிறைய ஊற்றினால் ஆறிப்போகும் என்பதற்காக என்று நான் நினைத்திருந்தேன்; சிந்திப்போகும் என்பதற்காக என்று நினைக்கவில்லை.