குப்புராஜின் நரம்பும் ஆப்பின் நம்பரும்

செம்பாக்கத்தில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கும் கிறிஸ்டிக்கு வாய் ஜாஸ்தி என்று லேபில் பேச்சு. இருக்கட்டுமே. இவர்களிடம் வேலை பார்த்தால் ஊமைக்கும் வாய் வந்துவிடும். நோயாளி வீட்டில் மட்டும் அவள் குரல் உயர்ந்ததே இல்லை.

அன்று காலை ஏரிப்பக்கம் குப்புராஜ் வீடு. வயலை விற்று வாடகை வீடுகள் கட்டியவர். சிறுநீரகக் கோளாறில் கை நரம்பெல்லாம் சுருங்கிக் கிடந்தது. மூன்றாவது குத்தில்தான் ரத்தம் வந்தது.

"இனிமே இன்னிக்குக் குத்த மாட்டேன் சார், பிராமிஸ்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

தெருமுனையில் வண்டியை நிறுத்தி, குப்புராஜின் விவரத்தை லேப் ஆப்பில் அனுப்பினாள். 'இது பழையது, அப்டேட் செய்யவும்' என்று மறுத்தது. ஆப் ஸ்டோரைத் திறந்தால், அப்டேட் எதுவுமே இல்லை என்றது. விவரம் போய்ச் சேராமல் லேபில் டியூபைத் தொட மாட்டார்கள். கிறிஸ்டிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சூப்பர்வைசர் தீனாவுக்குப் போன் போட்டாள்.

"இன்னாக்கா பேஜாரு! ஆப்ப தூக்கிட்டு மறுபடி போடு."

"தூக்கினா காலைல எடுத்த விவரமெல்லாம் அழிஞ்சிடும்டா!"

"அதுக்கு நான் இன்னா பண்றது? சிறுசேரி ஆபீசாண்ட கேளு."

சிறுசேரியில் ஆப்பைத் தயாரிக்கும் ஷ்யாம்சுந்தர் கிடைத்தான்.

"மேடம், போன்ல இருக்கற ஆப்புக்கு உள்ள ஒரு நம்பர் இருக்கும். ஸ்டோர் அதை அங்க இருக்கற புது ஆப்போட நம்பரோட ஒப்பிட்டுப் பார்க்கும். அங்க பெரிசா இருந்தாதான் அப்டேட் காட்டும். உங்க போன்ல இருக்கறது எங்க பழைய டெஸ்டிங் காப்பி, அதான் லேப் சர்வர் ஏத்துக்கல. ஆனா அதுக்கு ரொம்பப் பெரிய நம்பர் போட்டிருந்தோம், அதான் ஸ்டோர் அதைப் புதுசுன்னு நினைக்குது."

பயிற்சியன்று, 'ஸ்டோர்லாம் எதுக்கு, இதையே போட்டுக்கங்க' என்று தீனா வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் தள்ளிவிட்ட காப்பி அது. போட்டவன் ஒருவன், தள்ளியவன் ஒருவன், வெயிலில் நின்று வேகிறவள் இவள்.

"அதைவிடப் பெரிய நம்பர்ல ஒண்ணு அனுப்பறேன். மேலேயே போட்டுக்கலாம், எதுவும் அழியாது. ஆனா மேனேஜர் அப்ரூவல் வேணும்."

"வாங்கித் தொலைங்க சார்! ரத்தம் காத்திருக்காது!"

மதியம் மேனேஜர் சாப்பிட்டு முடித்து வந்தபிறகுதான் அப்ரூவல் வந்தது. ஆப் திறந்தது, விவரம் பறந்தது. அவள் கொண்டுபோய்க் கொடுத்த டியூபை லேபில் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, ரத்தம் கெட்டுவிட்டது, திரும்ப எடு என்றார்கள்.

கிறிஸ்டி மறுபடி குப்புராஜ் முன்னால் போய் நின்றாள். நடந்ததைச் சொன்னாள். ஷ்யாம்சுந்தரைப் போனில் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டு அவர் முன்னால் நீட்டினாள்.

"சொல்லுங்க சார். இவர்கிட்ட நீங்களே சொல்லுங்க."

"ஏம்பா, நம்பர் போட்டவன் நீதானா?" என்றார் குப்புராஜ்.

"மீட்டிங் இருக்கு சார்" என்று ஷ்யாம்சுந்தர் வைத்துவிட்டான்.

குப்புராஜ் போனை முறைத்துப் பார்த்தார். "அவனுக்கு மீட்டிங்கு கீது. எனக்குக் கை கீது. குத்தும்மா" என்று சட்டையை மடித்துக் கையை நீட்டினார்.

கிறிஸ்டி புது ஊசியைப் பிரித்துக் குத்தினாள். முதல் குத்தில் நரம்பு கிடைக்கவில்லை.